வீட்டில் ஃபுட் பாய்சன் என்று சந்தேகம் வந்தால்: எதுவரை வீட்டுப் பராமரிப்பு போதும், எப்போது வெளியே செல்லலாம்

ஒரே வேளை உணவைச் சேர்ந்து உண்டவர்களில் இரண்டு மூன்று பேருக்கு நள்ளிரவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால், எந்தப் பண்டம் கெட்டிருந்தது, அதை யார் வாங்கி வந்தார் என்ற விசாரணைதான் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடக்கிறது. அந்த நேரத்தில் நோயாளிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இத்தகைய தொல்லைகளில் பெரும்பாலானவை சில நாள்களில் தாமாகவே அடங்கிவிடும். அதுவரை உடல் இழக்கும் நீரையும் உப்பையும் வாய்வழியே ஈடுகட்ட முடிகிறதா என்பதைப் பொறுத்தே, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா, மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். ஆகையால் எத்தனை முறை பேதியானது என்று மட்டும் எண்ணிக்கொண்டிராமல், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், அது என்ன நிறத்தில் இருந்தது என்பதையும் கேட்டு நேரத்துடன் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மறுநாள் மருத்துவரிடம் போக நேர்ந்தால், அந்தத் தாள்தான் மற்ற எல்லா விவரங்களையும்விட உதவும்.

வீட்டில் வைத்திருக்கக் கூடாத நிலைகள்

மலத்தில் இரத்தம் கலந்து வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்திருந்தாலோ, காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தாலோ, குடிக்கும் நீர் ஒரு வாய்கூட வயிற்றில் தங்காமல் திரும்பிவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. எழுந்து நின்றால் தலை சுற்றுவது, நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்வது, பல மணி நேரமாகச் சிறுநீர் வராதிருப்பது அல்லது அடர்ந்த நிறத்தில் சிறிதளவே வருவது, பேச்சில் குழப்பம் தெரிவது ஆகியவை நீரிழப்பு முற்றியதைக் காட்டுகின்றன. வயிற்றுப்போக்கு மூன்று நாள்களைத் தாண்டியும் குறையவில்லை என்றால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பவை இரட்டையாகத் தெரிதல், இமை சரிதல், விழுங்குவதில் சிரமம், நா குழறுதல் ஆகியவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சரியாகப் பதப்படுத்தாமல் காற்றுப் புகாதபடி அடைத்து வைத்த உணவில் உருவாகும் பொட்டுலினம் நச்சு நரம்புகளைத் தாக்கி, மூச்சுத் தசைகளையும் செயலிழக்கச் செய்யக்கூடியது. இந்த நோயில் வயிற்றுப்போக்கு இல்லாமலே போகலாம், காய்ச்சலும் பொதுவாக இருப்பதில்லை. அதனால் அசதி என்று தவறாக எண்ணிவிடும் வாய்ப்பு அதிகம். இத்தகைய அறிகுறி ஒன்று தென்பட்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

எல்லா வாந்தியும் உணவால் வருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி மெல்ல வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிலைத்தால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு வாந்தி வந்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு வாந்தி வந்தால் இரத்தச் சர்க்கரையை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். சாப்பிடவில்லை என்பதற்காக மருத்துவரைக் கேளாமல் இன்சுலினை நிறுத்துவது பேராபத்து. "நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்ற விளக்கம் எளிதாகக் கிடைத்துவிடுவதால்தான் இவை பல நேரங்களில் தாமதமாகக் கண்டறியப்படுகின்றன.

வளர்ந்தவர்களுக்குச் சொன்ன இந்த எல்லைகளைக் கைக்குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. அவர்களுக்கு முதல் நாளிலேயே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்ற யோசனையே வேண்டாம். அழும்போது கண்ணீர் வராதது, உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது, ஆறு மணி நேரமாக டயப்பர் நனையாதது, தட்டி எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வாந்தி பச்சை நிறத்தில் வருவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கருவுற்றவர்களுக்கு லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா வெறும் காய்ச்சலும் உடல்வலியுமாக மட்டும் தோன்றிக் கருவைத் தாக்கக்கூடும் என்பதால், வயிற்றுத் தொல்லை இல்லாத காய்ச்சலையும் அவர்கள் பொருட்படுத்த வேண்டும்.

நீரை எப்படிக் கொடுப்பது

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியே முதல் தெரிவாக இருக்க வேண்டும். உறையில் எத்தனை மில்லி லிட்டர் என்று அச்சிட்டிருக்கிறதோ அதே அளவு சுத்தமான நீரில் முழு உறையையும் கரைக்க வேண்டும். சில உறைகள் 200 மில்லி லிட்டருக்கும், சில ஒரு லிட்டருக்கும் உரியவை என்பதால் பழக்கத்தில் அளந்துவிடக் கூடாது. நீர் குறைந்தால் கரைசலில் உப்பு மிகுந்து, குறிப்பாகக் குழந்தைகளுக்குத் தீங்காகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பொடி கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கரைத்துக்கொள்ளலாம். இந்த அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் கரண்டியால் அளக்க வேண்டும். சர்க்கரை சுவைக்காகச் சேர்ப்பதன்று. குடல் சுவர் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது, அவற்றின் பின்னால்தான் நீர் செல்கிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடிப்பது போதாததற்கும், சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களும் பழச்சாறுகளும் நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்குவதற்கும் அதுவே காரணம்.

வாந்தி எடுப்பவரிடம் ஒரு குவளையை நீட்டினால், தாகத்தில் முழுவதையும் குடித்து உடனே வெளியே தள்ளிவிடுவார். பத்து நிமிடம் பொறுத்து, ஒரு தேக்கரண்டி அளவாக ஓரிரு நிமிடத்துக்கு ஒரு முறை கொடுத்துவந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது தங்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்; ஆனால் மருத்துவமனைப் பயணங்கள் பலவற்றைத் தவிர்ப்பது இந்தத் தேக்கரண்டிதான் என்பது என் எண்ணம். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டரும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி லிட்டரும் கரைசல் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை வழக்கத்தைவிட நீர்த்துக் கொடுக்கவும் கூடாது. இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்கள், எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பானது.

வயிற்றைக் காயப் போட வேண்டும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பசி திரும்பியதும், எண்ணெயும் காரமும் குறைந்த, வழக்கமாக உண்ணும் எளிய உணவைச் சிறிது சிறிதாக உண்ணலாம்.

மருந்துகளில் கட்டுப்பாடு

வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு போன்ற மாத்திரைகளை, இரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது எடுக்கக் கூடாது, சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. முன்னொரு முறை வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவது அதைவிடத் தவறானது. வைரஸால் வந்த தொல்லைக்கும், பாக்டீரியா விட்டுச்சென்ற நச்சால் வந்த தொல்லைக்கும் அது வேலை செய்யாது. சிகா நச்சை உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா வகையால் இரத்தப்பேதி வந்திருந்தால், சில ஆன்டிபயாடிக்குகள் சிறுநீரகச் செயலிழப்புக்கு வழிவகுக்கும் அபாயத்தைக் கூட்டக்கூடும். இந்த வகையில் பேதி நின்று, குழந்தை தேறிவருகிறது என்று நினைக்கும் ஒரு வார அளவில்தான் முகம் வெளிறுவதும் சிறுநீர் குறைவதும் தொடங்கும். ஆகவே இரத்தப்பேதி வந்த குழந்தையை, அது நின்ற பிறகும் சில நாள்கள் கவனித்துவர வேண்டும். வலிக்காக ஐபுபுரோஃபென் எடுப்பது, நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு மேலும் சுமையாகும். சில இரத்த அழுத்த மாத்திரைகள், நீர் மாத்திரைகள், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் போன்றவற்றை வாந்தியும் பேதியும் உள்ள நாள்களில் தொடரலாமா என்பதைத் தொலைபேசியிலாவது கேட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு 10 முதல் 14 நாள்கள் துத்தநாகம் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்கான அளவு வயதைப் பொறுத்தது என்பதால் மருத்துவர் எழுதித் தரட்டும்.

எதனால் வந்திருக்கும்

நோயாளி சற்றுத் தேறிய பின் இந்த விசாரணைக்கு வரலாம். கடைசியாக உண்டதையே குற்றம் சாட்டுவது இயல்பு, ஆனால் பல நேரங்களில் அது தவறு. உண்ட அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் கடும் வாந்தி வந்தால், ஸ்டஃபைலோகாக்கஸ் அல்லது பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா உணவிலேயே உண்டாக்கி வைத்த நச்சைச் சந்தேகிக்கலாம். இந்த நச்சுகள் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. வெளியே நெடுநேரம் கிடந்த உணவை மறுபடி சூடாக்கிவிட்டோமே என்ற சமாதானம் இங்கே எடுபடாது. அறிகுறிகளைக் காட்ட, சால்மொனெல்லா பாக்டீரியா ஆறு மணி நேரம் முதல் ஆறு நாள்கள் வரையும், கேம்பைலோபாக்டர் பொதுவாக இரண்டு முதல் ஐந்து நாள்கள் வரையும் எடுத்துக்கொள்கின்றன. நோரோ வைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம் ஆகும், அது உணவின் வழியாக மட்டுமன்றி ஆளிடமிருந்து ஆளுக்கும் தாவும். எனவே முந்தைய மூன்று நான்கு நாள்களின் உணவை நினைவுகூர்ந்து எழுதினால்தான் பயன் உண்டு.

வெவ்வேறு வீட்டினர் பலருக்கு ஒரே நேரத்தில் தொல்லை வந்திருந்தால், மீந்த உணவைச் சுவைத்துப் பார்க்காமல், மூடி, பெயரும் தேதியும் எழுதிக் குளிர்பெட்டியில் தனியாக வைத்து, உள்ளூர்ச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எத்தனை நாள் வெளியே போகக் கூடாது

கடைசி வாந்தியோ கடைசிப் பேதியோ முடிந்து 48 மணி நேரம் ஆகும்வரை பள்ளி, அலுவலகம், விருந்து எதற்கும் போகக் கூடாது. காலையில் எழுந்ததும் "இன்று பரவாயில்லை" என்று தோன்றுவதைக் கணக்கில் கொள்ளக் கூடாது. கடைசியாகப் பேதியான நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும். கெட்டுப்போன உணவின் நச்சு மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு காத்திருப்பு தேவைப்படாது என்று ஒருவர் வாதிடலாம், ஆனால் அது நச்சா, வைரஸா என்பதைப் பரிசோதனை இல்லாமல் வீட்டிலிருந்தபடி பிரித்தறிய முடியாது. தேர்வு, முக்கியமான கூட்டம் போன்ற காரணங்களுக்காக மாத்திரை போட்டுப் பேதியை அடக்கிவிட்டுச் செல்வது, பக்கத்தில் அமர்பவருக்கு நோயைக் கொடுத்துவிட்டு வருவதற்கே சமம்.

சமையல் வேலை, உணவு பரிமாறும் வேலை, நோயாளிகளையோ முதியவர்களையோ சிறு குழந்தைகளையோ கவனிக்கும் வேலை ஆகியவற்றில் இருப்பவர்கள் தம் மேலாளரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஷிகெல்லா, டைஃபாய்டு, சிகா நச்சு ஈ.கோலை போன்ற தொற்றுகள் உறுதியானால் இவர்களுக்கு 48 மணி நேரம் போதாமல், மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகே வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்று தெரியவந்தால், பேதி நின்று இரண்டு வாரம் வரை நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது. அந்தக் கிருமி குளோரின் கலந்த நீரிலும் பல நாள்கள் உயிரோடிருக்கும்.

அந்த 48 மணி நேரத்தில் நோயாளி மற்றவர்களுக்காகச் சமைக்கக் கூடாது. அவருக்குத் தனித் துண்டும், முடிந்தால் தனிக் கழிப்பறையும் ஒதுக்க வேண்டும். நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் நம்பகமானதன்று, ஓடும் நீரில் சோப்பிட்டு 20 வினாடிகள் கைகளைத் தேய்த்துக் கழுவுவதே பலன் தரும். வாந்தி விழுந்த இடத்தைக் கையுறை அணிந்து காகிதத்தால் துடைத்தெடுத்து, சோப்பு நீரால் கழுவி, பின்னர் 5 சதவீதச் செறிவுள்ள பிளீச்சை ஒரு லிட்டர் நீருக்குக் குறைந்தது 20 மில்லி லிட்டர் என்ற அளவில் கலந்து ஊற்றி ஐந்து நிமிடம் விட வேண்டும். பிளீச்சோடு ஆசிட்டையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ சேர்த்தால் நச்சு வாயு வெளியாகும். கழிப்பறைத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, மின்விசைப் பொத்தான், கைப்பேசி ஆகியவற்றைத் துடைக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நோயாளியைக் கவனிப்பவருக்கு எந்த அறிகுறியும் இல்லையென்றால் அவர் பொதுவாக வேலைக்குப் போகலாம். ஆனால் குணமானவரின் மலத்தில் நோரோ வைரஸ் இரண்டு வாரமும் அதற்கு மேலும் வெளிப்படக்கூடும் என்பதால், 48 மணி நேரம் கடந்த பிறகும் வீட்டில் எல்லாரும் கைகழுவுவதைத் தளர்த்தக் கூடாது. முதலாமவர் தேறிய மறுநாள் இன்னொருவருக்கு வாந்தி தொடங்கினால், உணவைவிட ஆளிடமிருந்து தொற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது புதிதாக விழுந்தவருக்கு 48 மணி நேரக் கணக்கைத் தனியே தொடங்க வேண்டும். முன்பே குணமாகி, கணக்கை முடித்தவர் அதற்காக மீண்டும் வீட்டில் அடைந்து கிடக்கத் தேவையில்லை.