இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு ஊசி: வலி குறையும் வாரங்களில் நடையை மீட்பது எப்படி

இடுப்பு மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. மூட்டின் உள்சவ்வில் உள்ள அழற்சியைத் தணித்து, பலருக்கு இரண்டு மூன்று மாதம் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். நடை தானாகத் திருந்தாது. வலிக்குப் பயந்து காலை முழுதாக ஊன்றாமல் நடந்ததில் இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் பிட்டத் தசையும் மெலிந்திருக்கும். வலி அடங்கிய வாரங்களில் அவற்றை வலுவாக்கினால்தான் ஊசிக்குக் கொடுத்த காசுக்குப் பலன்.

முதலில், வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். எங்கே வலிக்கிறது என்று மருத்துவரிடம் கையால் தொட்டுக் காட்டுங்கள். மூட்டு வலி பெரும்பாலும் தொடை இடுக்கிலும் முன்தொடையிலும் இருக்கும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். பிட்டத்தில் தொடங்கிக் காலின் பின்புறமாகப் பாதம் வரை இறங்கினால் முதுகெலும்பைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் மூட்டுக்கு வெளியே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில். அதற்கு மூட்டுக்குள் ஊசி போட்டுப் பயனில்லை.

இந்த மூட்டு ஆழத்தில் இருக்கிறது; முன்னால் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் போகின்றன. அதனால் முழங்காலுக்குப் போடுவதுபோல் கையால் தடவிப் பார்த்துப் போடக் கூடாது. அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடி போடும் இடத்துக்கே போங்கள். வழக்கமான ஸ்டீராய்டு மருந்து டிரையம்சினலோன் 40 மி.கி., கூடவே மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின். இங்கிலாந்தில் 199 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் இதே அளவு டிரையம்சினலோனுடன் 1% லிடோகெயின் 4 மி.லி. கொடுத்தார்கள். ஊசி போடாதவர்களைவிட, 0–10 அளவுகோலில் இரண்டாவது வாரம் சுமார் 3 புள்ளி வலி குறைந்திருந்தது. இரண்டாவது மாதம் அந்த வித்தியாசம் 2 புள்ளிக்கும் கீழே வந்தது. ஆறாவது மாதம் வித்தியாசமே இல்லை. செயற்கை இதய வால்வு இருந்த ஒருவர் வால்வில் தொற்று ஏற்பட்டு இறந்தார். அதற்கு ஊசி காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. வால்வு மாற்றியவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சல், சீழ்ப்புண், சொத்தைப்பல் வீக்கம், சிறுநீர்த் தொற்று இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். ரிட்டோனவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்கு டிரையம்சினலோன் உடம்பில் தேங்கிவிடும், அதை மறைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு முதல் ஒரு வாரம் அளவு எகிறும். தினமும் சோதித்து, மருந்தை எப்படிக் கூட்டுவது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை மூன்று மாதத்துக்குள் நடப்பதாக இருந்தால் ஊசி வேண்டாம். தொற்று அபாயம் கூடும்.

ஊசிக்கு முந்தைய நாள் மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: கையை ஊன்றாமல் 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது, நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, படியேறும்போது வலி பத்துக்கு எத்தனை. பிறகு ஒப்பிட இது இல்லாவிட்டால் 'பரவாயில்லை போலிருக்கு' என்பதோடு நின்றுவிடும்.

ஊசி போட்டதும் துணைக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு சற்று நடந்து பாருங்கள். வலி பாதிக்கு மேல் குறைந்தால் மூட்டுதான் மூலம். துளியும் மாறவில்லையென்றால் அடுத்த ஊசிக்கு ஒப்புக்கொள்ளும் முன் முதுகைச் சோதிக்கச் சொல்லுங்கள். மருந்து நரம்பில் பட்டுச் சில மணி நேரம் தொடை துவளக்கூடும். அன்று வண்டி ஓட்ட வேண்டாம். இரவு வலி திரும்பினால் பயப்படாதீர்கள். லிடோகெயின் தீர்ந்துவிட்டது, ஸ்டீராய்டு வேலை செய்ய இரண்டு நாள் முதல் ஒரு வாரம் ஆகும்.

இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு பயிற்சியைத் தொடங்கலாம். நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலிக்கும் காலை முழங்கால் மடக்காமல் ஓர் அடி உயர்த்தி மெல்ல இறக்குங்கள். கால் முன்னால் சரிந்தால் தொடைத் தசைதான் வேலை செய்கிறது. குதிகால் சற்றே பின்னால் இருக்க வேண்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பிட்டத்தைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று, வாரத்தில் மூன்று நாள். மறுநாளும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வலி போய்விட்டதே என்று முதல் வாரமே மூன்று கிலோமீட்டர் நடப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு.

கைத்தடி வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் இடுப்புத் தசையின் சுமை குறைந்து மூட்டின் மீதான அழுத்தமும் குறையும். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே போகட்டும். உடம்பு பக்கவாட்டில் சாயாமல் நடக்க வரும்வரை தடியை விடாதீர்கள்.

அடுத்த ஊசிக்குக் குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும். பலன் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லையென்றால் திரும்பப் போடுவதைவிட அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்ப்பது மேல். ஜெல் ஊசியையும் (ஹயலூரோனிக் அமிலம்) பி.ஆர்.பி. ஊசியையும் (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்கள்) இடுப்பு மூட்டுக்கு வேண்டாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் உறுதியாகச் சொல்கிறது. அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து வலி திடீரென்று முன்பைவிட மோசமானால் புதிய எக்ஸ்ரே எடுக்க வேண்டும்; அரிதாக எலும்பு வேகமாக நொறுங்குவதுண்டு. ஊசி போட்ட சில நாளில் காய்ச்சல், குளிர், நாளுக்கு நாள் கூடும் வலி, காலை ஊன்றவே முடியாத நிலை வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.