குழந்தை சிறிதாக இருந்தால் பிரசவ தேதியை மாற்றாதீர்கள்

போன வாரம் ஓ.பி.யில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த இளம் மருத்துவர், ஒரு கர்ப்பிணியின் அட்டையில் இருந்த பிரசவ தேதியைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே புதுத் தேதி எழுதிக்கொண்டிருந்தார். "ஏம்மா மாத்துறே?" என்று கேட்டேன். "ஸ்கேன்ல நாலு வாரம் கம்மியா வருது மேடம். இவங்க நாள் கணக்கைத் தப்பா சொல்லியிருக்காங்க" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 20 வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஒரு தேதியை அடித்தேன்.

வருடா வருடம் புதிதாக வருகிறவர்கள், நான் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்க மறப்பது, சிறுநீரில் புரதம் பார்க்காமல் அனுப்புவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். சரி என்று நினைத்துக்கொண்டே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு விஷயம். கர்ப்பத்தின் முதல் பாதியில், நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பைச் சுவருக்குள் புகுந்து அங்குள்ள சுருள் ரத்தக் குழாய்களை அகலமாக்குகின்றன. குறுகலாக இருந்த குழாய் தளர்ந்து விரிந்தால்தான் வளரும் குழந்தைக்குப் போதிய ரத்தம் வரும். அந்த வேலை அரைகுறையாக நின்றுவிட்டால், மேட்டூரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு எட்டாத கதைதான். அம்மா எவ்வளவு சாப்பிட்டாலும் குழந்தைக்குப் போய்ச் சேருவது குறைவு. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறுவதும், குழந்தை வளராமல் போவதும் பெரும்பாலும் இந்த ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறவை.

தேதியைத் திருத்துவது

இதைத்தான் நீளமாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அந்தப் பெண்ணுக்கு முதல் பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். நவம்பர் 20ஆம் தேதி அம்மாவுடன் என்னிடம் வந்தாள். கடைசி மாதவிடாய் ஏப்ரல் 3. அந்தக் கணக்கில் பிரசவ தேதி ஜனவரி 8, அன்றைக்கு 33 வாரம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் 33 வாரம்போல இல்லை. ஸ்கேன் எழுதிக்கொடுத்தேன். அறிக்கையில் தலைச்சுற்றளவு 30 வாரம், தலையின் குறுக்களவு 30 வாரம், தொடை எலும்பு 29 வாரம், வயிற்றுச் சுற்றளவு 27 வாரம். சராசரி 29 வாரம். கீழே தடித்த எழுத்தில், ஸ்கேன்படி பிரசவ தேதி பிப்ரவரி 5.

"நாள் கணக்கு சரியா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவள் அம்மாதான் பதில் சொன்னார்: "நல்லா ஞாபகம் இருக்கு டாக்டரம்மா. பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் கோயிலுக்குப் போனோம், இவ மட்டும் வர முடியாம வீட்டுல இருந்தா." இதைவிடத் தெளிவாக ஒரு தேதியை யார் சொல்ல முடியும்? மெஷின் அச்சடித்துக் கொடுத்த தாளைத்தான் நான் நம்பினேன். ஜனவரி 8ஐ அடித்து பிப்ரவரி 5 என்று எழுதினேன். "குழந்தை நல்லா இருக்கு, நாள்தான் தள்ளிப்போயிருக்கு, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். இருவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

19 நாள் கழித்து வந்தாள். முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து அசைவு இல்லை. இதயத்துடிப்பும் இல்லை. குழந்தை 1,380 கிராம் இருந்தது. சடங்கெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அவள் கணவர், மாமியார் வீட்டு அலமாரியில் ஜவுளிக்கடை கவர் ஒன்றில் இருந்ததாகச் சொல்லிப் பழைய தாள்களைக் கொண்டுவந்தார். அதில் 8 வாரத்து ஸ்கேன் படம் ஒன்று, பாதி வெளுத்துப்போய். கருவின் நீளம் 16 மில்லிமீட்டர். கணக்குப் போட்டேன். ஏப்ரல் 3 சரிதான்.

நான் எங்கே ஏமாந்தேன் என்று புரிந்துகொள்ளுங்கள். ஸ்கேன் மெஷினுக்குக் குழந்தையின் வயது தெரியாது. அதற்குத் தெரிந்தது நீளமும் சுற்றளவும்தான். 'இந்த அளவில் ஒரு சராசரிக் குழந்தை எத்தனை வாரத்தில் இருக்கும்' என்று அட்டவணையில் தேடி அந்த எண்ணை வயதாக அச்சடிக்கிறது. அதாவது குழந்தை சராசரியாக வளர்ந்திருக்கிறது என்று முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. அப்படி வந்த வயதை வைத்துக்கொண்டு 'இந்த வயதுக்குக் குழந்தை சரியான அளவில் இருக்கிறதா' என்று பார்த்தால், எப்போதும் சரியாகத்தான் இருக்கும். எவ்வளவு மோசமாகப் பட்டினி கிடக்கும் குழந்தையும் அந்தத் தாளில் நன்றாக இருக்கும்.

அன்றைக்கு என் கண்ணெதிரிலேயே தடயம் இருந்தது. தலை 30 வாரம், வயிறு 27 வாரம். வரவு குறையும்போது குழந்தை கிடைத்த ரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிட்டு மற்றதைச் சுருக்கிக்கொள்கிறது. கல்லீரலில் சேமிப்பு கரைகிறது, வயிற்றுச் சுற்றளவு முதலில் பின்தங்குகிறது. தேதி தவறிய ஆரோக்கியமான குழந்தைக்கு எல்லா அளவும் ஏறக்குறைய ஒரே வாரத்தைக் காட்டும். நான் சராசரியை மட்டும் படித்தேன்.

என்ன செய்ய வேண்டும்? தேதியை ஒரே ஒரு முறை முடிவு செய்யுங்கள், அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள். அந்தக் காலத்தில் எல்லாக் கருவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்வதால் தலை முதல் இடுப்பு வரையிலான நீளம் ஒரு வாரத்துக்குள் துல்லியமாகச் சொல்லிவிடும். மாதவிடாய்க் கணக்கோடு ஒத்துப்போனால் அதையே வையுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். அதற்கப்புறம் எத்தனை ஸ்கேன் வந்தாலும் அந்தத் தேதியைத் தொடக்கூடாது. எட்டாம் மாதத்து ஸ்கேன் வயதைச் சொல்வதில் மூன்று வாரம்வரை முன்பின் ஆகும். முடிவு செய்த தேதியை மெஷினில் போட்டுவிட்டு அளக்கும்படி ஸ்கேன் செய்கிறவரிடம் சொல்லுங்கள்.

முதல் ஸ்கேனே இல்லையா? அப்படி வருகிறவர்கள் உண்டு. அப்போது அந்தப் பெண் சொல்லும் தேதிதான் சரி என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கேளுங்கள்: எந்த விசேஷத்தை ஒட்டி வந்தது, வீட்டில் கிட் போட்டுப் பார்த்தது எப்போது, கிராம சுகாதாரச் செவிலியர் பெயர் பதிந்தது எந்த மாதம், முதல் அசைவு எப்போது தெரிந்தது. அன்றைக்கே டாப்ளரும் (ரத்தக் குழாய்களில் ஓட்டம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன்) பனிக்குட நீரும் பாருங்கள். நன்றாக இருந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். தேதி மட்டும் தவறியிருந்த குழந்தை இரண்டு வாரத்துக்கு இரண்டு வாரம் வளர்ந்திருக்கும். வரவு குறைந்து பட்டினி கிடக்கும் குழந்தை அந்த அளவு வளர்ந்திருக்காது. ஒரு மாதம் கழித்து வா என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதைப் படிக்கிற குடும்பத்தாருக்கு ஒன்று. வளைகாப்பு முடிந்து ஊர் மாறும்போது வளையலும் கட்டுசாதமும் மறக்காமல் போகிறது, முதல் ஸ்கேன் மட்டும் மாமியார் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அந்தத் தாள் சில மாதத்தில் வெளுத்துப்போகும். வாங்கின அன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கணவர் போனிலும் அம்மா போனிலும்.

டேப்பை எண் தெரியும்படி பிடிப்பது

24 வாரத்துக்கு மேல் கர்ப்பப்பையின் உயரம் சென்டிமீட்டரில் ஏறக்குறைய வாரக் கணக்குக்குச் சமம். 30 வாரம் என்று தெரிந்துகொண்டு டேப்பின் எண் பக்கத்தைப் பார்த்தபடி அளந்தால், கை தானாக 30இல் போய் நிற்கும். எண் பக்கத்தை வயிற்றோடு கவிழ்த்துப் பிடித்து, மேல் விளிம்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்து முடித்துத் திருப்பிப் பாருங்கள். அதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முடிந்தவரை ஒருவரே தொடர்ந்து அளப்பது நல்லது. மூன்று சென்டிமீட்டர் குறைந்தால் ஸ்கேன்.

'சத்து ஏற்றுவது'

குழந்தை எடை குறைவு என்றதும் அமினோ ஆசிட் பாட்டில் ஏற்றுவது, புரத மாவு எழுதுவது, படுத்தே இருக்கச் சொல்வது. அம்மாவுக்கு ரத்தசோகை இருந்தால், சாப்பாடே போதாமல் இருந்தால் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் அடைத்துக்கொண்டிருக்கும் நஞ்சுக்கொடியை இவற்றில் எதுவும் திறந்துவிடுவதில்லை. முழு நேரப் படுக்கையால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது. சில்டெனாஃபில் ரத்தக் குழாயை விரிக்குமே, கொடுத்துப் பார்க்கலாமே என்று இன்னும் கேட்கிறார்கள். நெதர்லாந்தில் அப்படிக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2018இல் பாதியில் நிறுத்தினார்கள், பிறந்த குழந்தைகள் நுரையீரல் பாதிப்பால் இறந்ததால்.

எனக்குக் கோபம் வருவது பாட்டிலின் மீது இல்லை. பாட்டில் ஏறுகிற அந்த ஒரு வாரம், ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று எல்லோரும் நம்பி டாப்ளரைத் தள்ளிப்போடுகிறார்களே, அதன் மீதுதான்.

'டாப்ளர் நார்மல்' என்று நிறுத்துவது

எந்த டாப்ளர் என்று கேளுங்கள். 32 வாரத்துக்கு முன்பே தொடங்கும் வளர்ச்சிக் குறைவில் தொப்புள்கொடி ரத்தக் குழாய் நமக்கு முதலில் சொல்லிவிடும்: ஓட்டம் குறையும், இரண்டு துடிப்புக்கு இடையே நின்றுபோகும், கடைசியில் பின்னோக்கி ஓடும். நஞ்சுக்கொடியின் கணிசமான பகுதி கெட்ட பிறகுதான் அதில் மாற்றம் தெரியும். 32 வாரத்துக்குப் பிறகு தொடங்கும் குறைவில் அது கடைசிவரை நார்மலாகவே இருக்கலாம். அப்போது மூளை ரத்தக் குழாயைப் பார்க்க வேண்டும். குழந்தை ரத்தத்தை மூளைக்குத் திருப்பத் தொடங்கியிருந்தால் அங்கே தெரியும்.

இங்கேயும் எல்லாம் தேதியில்தான் நிற்கிறது. தொப்புள்கொடியில் ஓட்டம் நின்றுபோனால் கர்ப்பத்தை 34 வாரத்தைத் தாண்ட விடுவதில்லை, பின்னோக்கி ஓடினால் 32ஐத் தாண்ட விடுவதில்லை. நாலு வாரம் தவறாக எழுதியவர் இந்தக் கணக்கை எதை வைத்துப் போடுவார்?

'மாசம் ஏற ஏற அசைவு குறையும்'

குறையாது. அசைவு குறைந்ததாகத் தெரிந்தால் ஜூஸ் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் கிளம்பி வாருங்கள்.

ரத்தப்போக்கோடு வந்தவருக்கு உள்பரிசோதனை

நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்காமல் விரல் வைக்காதீர்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் 'நஞ்சு கீழே இருக்கு'

கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலானவை மேலே போய்விடும். 32 வாரத்தில் மறுபடி பாருங்கள், அதுவரை பயமுறுத்தாதீர்கள். முன்பு சிசேரியன் ஆனவருக்கு நஞ்சுக்கொடி கீழேயும் முன்பக்கத்திலும் இருந்தால் மட்டும் இப்படி ஆறுதல் சொல்லக்கூடாது. பழைய தழும்பில் அது வேர்விட்டுப் பிரியாமல் போகலாம். ரத்த வங்கியும் அனுபவமுள்ள குழுவும் இருக்கும் இடத்துக்கு முன்கூட்டியே அனுப்புங்கள்.

ஆஸ்பிரினை ஏழாம் மாதத்தில் நினைத்துக்கொள்வது

நஞ்சுக்கொடி வேரூன்றும் காலத்தில் கொடுத்தால்தான் பலன். முந்தைய கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியவர்கள், ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர்கள் போன்றோருக்கு 16 வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். 2017இல் வந்த பெரிய ஆய்வில் 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி, இரவில் 150 மில்லிகிராம், 36 வாரம்வரை கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிவரும் அளவுக்கு ரத்த அழுத்தம் முற்றியது பாதிக்கும் கீழே குறைந்தது. 28 வாரத்தில் வருகிறவருக்கு இதே மாத்திரையை எழுதி மனதைத் தேற்றிக்கொள்வதில் அர்த்தமில்லை.

குழந்தை பிறந்த பிறகு ஆம்புலன்ஸ் தேடுவது

இன்குபேட்டர் இல்லாத இடத்தில் பிரசவம் பார்த்துவிட்டு 1,200 கிராம் குழந்தையைத் துணியில் சுற்றி 60 கிலோமீட்டர் அனுப்பாதீர்கள். வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயை அனுப்புங்கள். நுரையீரலுக்கான ஸ்டீராய்டு முதல் ஊசியைப் போட்டுவிட்டு, நேரத்தைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள்.

நஞ்சுக்கொடியைப் பார்க்காமல் வாளியில் போடுவது

பிரசவ அறையில் எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்பார்கள். நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று ஒருவர் பார்ப்பார், அப்புறம் அது போய்விடும். வளராத குழந்தை பிறந்தால் அதைக் கழுவித் தட்டில் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். நிறைமாதத்தில் சுமார் அரை கிலோ இருக்க வேண்டியது. எடை போடுங்கள். தாயின் பக்கம் அழுத்திப் பாருங்கள்: ரத்தம் கிடைக்காமல் செத்த பகுதி, வெளுத்துத் தடித்துக் கையில் கெட்டியாகப் படும். ரத்தக்கட்டி ஒட்டி அந்த இடம் குழிந்திருந்தால் முன்பே அங்கே பிரிந்திருக்கலாம். தொப்புள்கொடி நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் தொங்குகிறதா, வெட்டிய இடத்தில் மூன்று குழாய் தெரிகிறதா? எழுதி வையுங்கள், ஃபார்மலினில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அடுத்த கர்ப்பத்தில் என்ன செய்வது என்பதற்கான பதில் அதில் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் நஞ்சுக்கொடியை நான் எடை போட்டேன். 270 கிராம். மூன்றில் ஒரு பங்கு வெளுத்திருந்தது. அந்த அறிக்கையை வைத்துத்தான் அவளுக்கு அடுத்த முறை 12ஆம் வாரத்தில் ஆஸ்பிரின் தொடங்கினோம், 28 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டாப்ளர் பார்த்தோம். 37 வாரத்தில் பெண் குழந்தை, 2,350 கிராம்.

அந்த இரண்டாவது கர்ப்பத்தில் முதல் ஸ்கேன் ஆனதும் அம்மாவோடுதான் வந்தாள். அம்மா தாளை என்னிடம் நீட்டினார். நான் அட்டையில் பிரசவ தேதியை எழுதி முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.