டெஸ்லா காரில் பென்டிரைவை எந்தத் துளையில் செருகுவது?

டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்களில் உள்ள யூஎஸ்பி துளைகள் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும், எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. பின் இருக்கைக்காரர்களுக்கான துளைகள் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும். காரின் சொந்தக் கேமராக்கள் எடுக்கும் பதிவுகளைச் சேமிக்கும் பென்டிரைவை, அண்மைக்கால மாடல்களில், முன்பக்கக் கையுறைப் பெட்டிக்குள் (குளோவ் பாக்ஸ்) இருக்கும் துளையில்தான் செருக வேண்டும். பெட்டிக்குக் கடவுச்சொல் வைத்துப் பூட்டலாம் என்பதால், கண்ணாடியை உடைப்பவர் பதிவையும் சேர்த்து எடுத்துச் செல்வது எளிதல்ல.

பென்டிரைவ் குறைந்தது 64 ஜிபி கொள்ளளவும், நொடிக்கு 4 எம்பி வேகத்தில் இடைவிடாது எழுதும் திறனும் உடையதாக இருக்க வேண்டும் என்கிறது நிறுவனத்தின் கையேடு. கேமராக்கள் ஓயாமல் எழுதி அழித்துக்கொண்டே இருப்பதால், மலிவு விலைப் பென்டிரைவுகள் விரைவில் தேய்ந்துவிடும். கையடக்க எஸ்எஸ்டி (பென்டிரைவைவிட நீடித்து உழைக்கும் சேமிப்புக் கருவி) வாங்குவதே என் பரிந்துரை. சேமிப்புக் கருவியில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வடிவங்களில், விண்டோஸ் கணினியில் வழக்கமான என்டிஎஃப்எஸ் வடிவத்தைக் கார் ஏற்காது, எக்ஸ்ஃபேட் வடிவத்தை ஏற்கும். கணினியைத் தேடிப் போகாமல், திரையில் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும் ஃபார்மேட் பொத்தானை அழுத்தினால், தேவையான கோப்புறையைக் காரே உருவாக்கிக்கொள்ளும். ஆனால் பழைய கோப்புகள் அனைத்தும் அழிந்துவிடும்.

ஒரே துளையில் பல கருவிகளை இணைக்க யூஎஸ்பி ஹப் பயன்படுத்துவதைக் கையேடு தவிர்க்கச் சொல்கிறது. பென்டிரைவை எடுப்பதற்கு முன் திரையிலுள்ள கேமராச் சின்னத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, பதிவை நிறுத்திவிடுங்கள்.