நேரில் பார்த்துக்கொண்டார்களா?

டார்வினுக்கும், மரபியலின் தந்தை எனப்படும் மெண்டலுக்கும் பழக்கம் உண்டா என்று யாராவது கேட்டால், ‘பழக்கம்’ என்றால் என்ன என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். பெயரைக் கேள்விப்பட்டதா, எழுத்தைப் படித்ததா, கடிதம் போட்டுக்கொண்டதா, எதிரெதிரே உட்கார்ந்து பேசியதா? இதைப் பிரிக்காமல் தேடி நான் வீணாக்கிய மாலைகள் கொஞ்சமல்ல.

பிறகு, எந்த இரு விஞ்ஞானிகளைப் பற்றித் தேடினாலும், இருவரின் பிறப்பு, இறப்புத் தேதிகளை அருகருகே எழுதுங்கள். நாள்காட்டியையும் பாருங்கள். கலிலியோ இறந்த 1642ஆம் ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று நானே பலரிடம் அளந்திருக்கிறேன். இங்கிலாந்து அப்போது பத்து நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. கலிலியோவின் தேதி குறிக்கப்படும் கிரிகோரியன் கணக்கில் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4.

அடுத்தது ஊர். மெண்டல் 1862இல் கண்காட்சி பார்க்க லண்டன் வந்தார். டார்வினின் வீடு அருகே கென்ட்டில்தான் இருந்தது. ஆனாலும் சந்திக்கவில்லை. டார்வினின் நூலை ஜெர்மன் மொழிபெயர்ப்பில், ஓரங்களில் குறியிட்டு மெண்டல் படித்ததோடு சரி.

உண்மையான புதையல் கடிதங்கள்தான். முதல் கடிதத்தில் எழுதியவர் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறார் என்று பாருங்கள். 1924 ஜூன் 4 அன்று ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரை அனுப்பிய சத்தியேந்திரநாத் போஸ், தான் அவருக்கு முற்றிலும் அந்நியன் என்று அந்தக் கடிதத்திலேயே சொல்கிறார். அந்த ஒரு வரி போதும், அதுவரை நேரில் அறிமுகம் இல்லை என்பதற்கு. ஐன்ஸ்டைன் கட்டுரையைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். இருவரும் நேரில் சந்தித்தது 1925இல், பெர்லினில்.

கடிதம் இருந்தால் சந்திப்பும் இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கெப்ளரும் கலிலியோவும் 1597 முதல் எழுதிக்கொண்டவர்கள், பார்த்ததே இல்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும்போல என்று சொல்ல ஆசைதான்; ஆனால் கலிலியோ பதில் போடாமல் பல ஆண்டுகள் சும்மா இருந்தவர்.

குழுப் புகைப்படம் கிடைத்தால் வேலை சுலபம். 1927இல் இயற்பியலாளர்கள் கூடிய சோல்வே மாநாட்டுப் படத்தில் 29 பேர் இருக்கிறார்கள். மேரி கியூரி, ஐன்ஸ்டைன், நீல்ஸ் போர் எல்லாரும் அதில் உண்டு. அது ஒரே இடத்தில் இருந்ததற்குச் சாட்சி, நட்புக்கு அல்ல.

சுவையான உரையாடல் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். முதலில் சொன்னவர் யார் என்று தேடுங்கள். டெஸ்லாவுக்கு 50,000 டாலர் தருவதாகச் சொல்லி எடிசன் ஏமாற்றினார் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். டெஸ்லா 1884இல் எடிசனின் நிறுவனத்தில் வேலை பார்த்தது உண்மை. ஆனால் 1919இல் எழுதிய தன்வரலாற்றில், வாக்குக் கொடுத்தவர் ‘மேலாளர்’ என்றுதான் அவர் சொல்கிறார்.