இரண்டாவது குண்டு குழலில் இறுகினால்: என் அனுபவம்

என்னுடைய .50 காலிபர் மசில்லோடரில் (குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் போடும் துப்பாக்கி) முதல் குண்டு சுலபமாக இறங்கிவிடும், அடுத்ததைக் கெட்டிக்கும்போதுதான் மல்லுக்கட்டு. வெடிமருந்து எரிந்த கசடு குழலில் படிவதுதான் காரணம். ஒவ்வொரு முறை சுட்டதும் லேசாக ஈரமாக்கிய துணியை உள்ளே விட்டு எடுத்து, அப்புறம் உலர்ந்த துணியால் துடைத்தேன். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது.

மீதிக்குக் காரணம் சேபோ, அதாவது குண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை. குண்டு அதேதான், உறையைச் சற்று மெல்லியதாக மாற்றியதும் சீராக இறங்கியது. இந்தக் குழலில் ரைஃப்ளிங் (குண்டைச் சுழலவைக்கும் உட்புறச் சுருள் பள்ளங்கள்) 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று, நீளமான குண்டுக்கு ஏற்ற முறுக்கு. துணி சுற்றிய ஈய உருண்டைதான் பிடிக்கும் என்றால் 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று வருகிற குழல் தேவை. முறுக்கைப் பார்க்காமல் குண்டு வாங்கவே வாங்காதீர்கள்.

குண்டைக் குழலுக்குள் தள்ளி இறக்க, துப்பாக்கியோடு வரும் மெல்லிய கம்பி வேட்டைக்குப் போதும். பயிற்சிக்குக் கைப்பிடியுள்ள தடித்த கம்பியும், குண்டின் மூக்குக்குப் பொருந்தும் முனையும் வாங்கினேன், இல்லையென்றால் மூக்கு நசுங்கிக் குறி தப்பும். குண்டு முழுதாக இறங்கிய நிலையில் குழல் வாயளவில் கம்பியில் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறேன். கோடு வெளியே தெரிந்தால் சுடவே கூடாது, மருந்துக்கும் குண்டுக்கும் இடைவெளி இருந்தால் குழலே வெடிக்கலாம்.