பனி உருகியதும் முதல் நான்கு வாரங்கள்: மவுண்டன் பைக்கை மறுபடி எடுப்பவர்களுக்கு

வசந்தத்தில் வண்டியைக் கீழே இறக்குவதற்கு முன்னால் நான் மண்ணைத்தான் பார்ப்பேன். டிரெயில், அதாவது காட்டு மண்பாதை, தொடங்கும் இடத்தில் நின்று, ஒரு குதிகாலை ஊன்றி முழு எடையையும் கொடுப்பேன். காலை எடுத்ததும் லேசான தடம் மட்டும் தெரிந்தால் சரி, போகலாம். குதிகால் புதைந்து அந்தக் குழியில் தண்ணீர் ஊறினால் அன்றைக்கு டிரெயில் கிடையாது, திரும்பிவிடுவேன். குளிர்காலம் முழுக்கக் காத்திருந்த பிறகு திரும்பிப் போக மனசே வராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பதினான்கு வசந்தங்களாக ஓட்டுகிறேன், இன்னும் வரவில்லை. இருந்தாலும் திரும்புகிறேன்.

காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. பகல் வெயிலில் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகியிருக்கும், அதற்குக் கீழே நிலம் இன்னும் உறைந்தே கிடக்கும். உருகிய தண்ணீருக்கு இறங்க வழியில்லை. அதனால் மேல்மண் கூழாகிவிடுகிறது. அதில் ஒரு டயர் கிழித்துப்போட்ட பள்ளம் காய்ந்து கெட்டியாகி, அடுத்த மழைக்கு வாய்க்காலாக மாறும். அந்த ஒரு கோடு கோடை முழுக்கப் பாதையை அரித்துக்கொண்டே இருக்கும். பத்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்ததைச் சரிசெய்ய, மண்வெட்டியோடு பல நாள் உழைக்க வேண்டியிருக்கும். அப்படி உழைத்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இரண்டு வழிகள் உண்டு. இரவில் உறைந்த மண் காலையில் கல்லாக இருக்கும்போதே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். இல்லையென்றால் மணல் கலந்த நிலம், வெயில் நேராக விழும் சரிவு, காற்று அடிக்கும் மேட்டுப் பாதை என்று தேடிப் போகலாம். களிமண் பாதைகளையும் அடர்ந்த நிழல் பாதைகளையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால், மார்ச் கடைசி வாரம், அந்த வருடத்தின் முதல் சவாரியிலேயே மூன்று மணி நேரம் ஓட்டினேன். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வண்டியை நிறுத்தி மிதிக்கும் டிரெய்னர் கருவியில் விடாமல் மிதித்திருந்ததால் மூச்சு பிரமாதமாக இருந்தது. கடைசி இறக்கத்தின் பாதியில் விரல்கள் மரத்துப்போயின. பிரேக் லிவரை அளவாக இழுக்க முடியவில்லை, ஒன்று விட்டேன், இல்லையென்றால் இறுக்கிப் பிடித்தேன். ஈரமான வேர் ஒன்றின் மேல் முன் சக்கரம் பூட்டி வழுக்கியது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கை தொட்டிலில் இருந்தது. அன்றைக்குப் புரிந்தது இதுதான்: வசந்தத்தில் எல்லாம் ஒரே நாளில் விழிப்பதில்லை. வண்டி ஒரு மதியத்தில் தயாராகிவிடும். மூச்சு இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். பிடிமானம், தசைநார்கள், கண், மண் எல்லாம் பின்தங்கித்தான் வரும். வேகத்தை அந்தப் பின்தங்கியவற்றை வைத்து முடிவு செய்யுங்கள்.

வண்டிக்கு ஒரு மதியம்

முதலில் கழுவுங்கள். வாளி, மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். அழுத்தமாகப் பீய்ச்சும் இயந்திரத்தைச் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப், பெடல் அச்சு, பின் சட்டத்தின் மூட்டுகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனால் பேரிங்கில் கிரீஸ் கரைந்து துரு பிடிக்கும்.

செயினை அளந்து பாருங்கள். தேய்மானம் பார்க்கும் கேஜ் இருந்தால் 11, 12 கியர் வண்டிக்கு 0.5 சதவீதத்திலும், 8 முதல் 10 கியர் வரை 0.75 சதவீதத்திலும் மாற்றிவிட வேண்டும். கேஜ் இல்லையா? செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதற்கு அடுத்ததை ஒன்று என்று எண்ணி வரும் இருபத்து நான்காவது பின்னின் நடுவரை ஸ்கேலால் அளக்கலாம். புது செயினில் அது 304.8 மி.மீ. இருக்கும். 306.3 மி.மீ. ஆகிவிட்டால் 0.5 சதவீதம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். இதைத் தள்ளிப்போட்டால் நீண்ட செயின் பின்னால் உள்ள பல்சக்கரங்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். அப்புறம் புது செயின் அதில் உட்காராது, எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். ஈரமான மாதங்களுக்கென்று வரும் சற்று கெட்டியான எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு வீதம் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால்தான் வேலை செய்யும், வெளியே இருந்தால் மண்ணைத்தான் பிடித்துவைக்கும்.

ட்யூப்லெஸ் டயர் என்றால் சக்கரத்தைக் கழற்றி காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே திரவம் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஓட்டையை அடைக்கும் அந்தத் திரவம், சீலன்ட், குளிர்காலத்திலேயே காய்ந்து தோலாக ஒட்டிக்கொண்டிருக்கும். 29 அங்குல, 2.4 அகல டயருக்கு நான் 100 மில்லி ஊற்றுகிறேன். வால்வின் உள் ஊசியையும் கழற்றிப் பாருங்கள், அங்கேயும் அது காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

காற்றழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வசந்தத்தில் பலரை ஏமாற்றுவது இதுதான். என் எடை 68 கிலோ. முன் டயரில் 22, பின் டயரில் 24 பிஎஸ்ஐ வைக்கிறேன். 20 டிகிரி உள்ள அறையில் 22 வைத்துவிட்டு 5 டிகிரிக் குளிரில் போய் நின்றால் அது ஏறக்குறைய 20 ஆகிவிடும். காற்று குளிர்ந்தால் சுருங்கும், அவ்வளவுதான். 22க்கும் 20க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கல்லில் ரிம் இடிக்கும்போது உணர்வீர்கள். பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் காற்று ஷாக்கில் 180 பிஎஸ்ஐ வைத்திருந்தால் அதே குளிரில் பத்து குறையும். அதனால் வண்டியை வெளியே கால் மணி நேரம் நிறுத்திவிட்டு, அங்கேயே அளந்து நிரப்புங்கள்.

அடுத்தது பிரேக். மவுண்டன் பைக்கின் கதையே ஒருவகையில் பிரேக்கிலிருந்துதான் தொடங்குகிறது. 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில் ஒரு செங்குத்தான மண்பாதையில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை வைத்து இறக்கப் பந்தயம் தொடங்கினார்கள். பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக்தான் அவற்றில் இருந்தது. ஓர் இறக்கம் முடிவதற்குள் உள்ளே இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடுமாம். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ரீபேக், அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்தது. பின்னாளில் மவுண்டன் பைக்குகளை உருவாக்கிய கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள் அங்கே ஓட்டியவர்கள்தான். இன்றைய டிஸ்க் பிரேக்குகள் எவ்வளவோ மேல். ஆனாலும் மாதக்கணக்கில் சும்மா நின்றவற்றை நம்பி நேராக இறக்கத்தில் விடக்கூடாது.

டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் உராய்வுப் பகுதி ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் நான் மாற்றிவிடுகிறேன். சேற்றில் பிசின் கலந்த ஆர்கானிக் பேட் வேகமாகக் கரையும். வசந்த மாதங்களுக்கு மட்டும் உலோகத்துகள் சேர்த்த பேடைப் போடுகிறேன், கொஞ்சம் சத்தம் வரும், ஆனால் நீடிக்கும். புது பேடைப் பழக்க வேண்டும். சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகம் வரை இருபது தடவை, பிறகு இன்னும் வேகமாகப் போய்ப் பத்து தடவை, சக்கரத்தைப் பூட்டாமல் பிடித்துவிடுங்கள். லிவர் பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறது, எண்ணெய் மாற்ற வேண்டும். உங்கள் பிரேக் மினரல் ஆயிலில் ஓடுவதா, டாட் (DOT) என்ற பிரேக் திரவத்தில் ஓடுவதா என்று லிவர் மூடியில் எழுதியிருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் கெட்டுப் பிரேக்கே போய்விடும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்க்கால் எண்ணெயைச் சில தயாரிப்பாளர்கள் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். போன வருடம் முழுக்க மாற்றவில்லையென்றால் இப்போது மாற்றிவிடுங்கள். பையையும் தண்ணீரையும் போட்டுக்கொண்டே வண்டியில் நின்று, எவ்வளவு அமிழ்கிறது என்று பாருங்கள். அமிழக்கூடிய முழு தூரத்தில் பின்னால் 25 முதல் 30 சதவீதம், முன்னால் சுமார் 20 சதவீதம் அமிழ்ந்தால் நல்லது. கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை எடுத்து, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம், ஹேண்டில்பார், பிரேக் ஸ்குரூக்களை அவற்றின் மேல் அச்சிட்ட அளவுக்கு இறுக்குங்கள்.

உடம்பில் போடுவது

உடை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் கையில்லாத ஜாக்கெட், கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். முதல் ஏற்றத்திலேயே சூடேறிவிடும். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் இறக்கத்தில் உடம்பை உறையவைக்கும். கையுறை மட்டும் இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். ஏற்றத்தில் நனைந்ததைக் கழற்றிவிட்டு, காய்ந்ததைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். என் எலும்பு முறிந்த அன்று பையில் இன்னொரு ஜோடி இருந்திருந்தால் விரல்கள் மரத்திருக்காது.

கண்ணாடிக்கு நிறமில்லாத லென்ஸ் போடுங்கள், இலையில்லாத மரங்களுக்கு நடுவே வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்கும். ஃபோர்க்குக்கு அடியில் கட்டும் சின்ன பிளாஸ்டிக் மட்கார்டு சேறு கண்ணில் தெறிக்காமல் காக்கும். ஹெல்மெட்டை உள்ளும் புறமும் தடவிப் பாருங்கள். ஒருமுறை பலமாக அடிபட்டிருந்தால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், மாற்றிவிட வேண்டும். முழங்கால் காப்பு வசந்தத்தில் கட்டாயம் என்பது என் கருத்து.

உடம்பைப் பழக்குவது

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று சவாரி, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றேகால் மணி நேரம். பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் கியரைக் குறையுங்கள். மூன்றாவது வாரம் ஒரு சவாரியை மட்டும் இரண்டு மணி நேரமாக்கி, அதில் நான்கு நிமிட ஏற்றத்தை மூன்று தடவை கடினமாக ஏறுங்கள். நான்காவது வாரத்தில்தான் நீண்ட இறக்கம். தசையைவிடத் தசைநார் மெதுவாகத்தான் பலப்படும். மூச்சு இருக்கிறதே என்று தூரத்தை ஒரேயடியாக ஏற்றினால் முழங்காலும் மணிக்கட்டும் அடுத்த மாதம் கணக்குக் கேட்கும்.

வீட்டில் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். கம்பியில் வெறுமனே தொங்குவது, இரண்டு கையிலும் கனமான பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது, இடுப்பிலிருந்து மடங்கி எடை தூக்குவது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது. இதில் தொங்குவதைத்தான் நான் ஒரு நாளும் விடுவதில்லை. இருபது நொடியில் தொடங்கி ஒரு நிமிடம் வரை வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு இறக்கத்தில் விரல் மரத்ததே இல்லை.

ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் ஒரு புல்வெளியில் பதினைந்து நிமிடம் செலவிடுங்கள். பெடலை மட்டமாக வைத்து எழுந்து நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்கை வெளியே விரிந்திருக்க, குதிகாலைக் கீழே இறக்குங்கள். எடை காலில் இருக்க வேண்டும், கை லேசாக இருக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு விரலால் முன் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, எங்கே பிடிக்கிறது என்று பழகுங்கள். வண்டியை அசையாமல் நிறுத்திச் சமன் செய்யுங்கள், முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு குச்சியைத் தாண்டுங்கள்.

பாதையில்

ஈர வேர்தான் வசந்தத்தின் பெரிய ஆபத்து. அதை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாக ஏறினால் சக்கரம் வேரோடு சறுக்கிக்கொண்டு போகும். வேர் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டில்பாரையும் திருப்பாதீர்கள். வளைவிலும் இதே கதைதான். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னால், உள்ளே போனபின் பார்வை வெளியேறும் இடத்தில். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கஜம் பார்த்துக்கொண்டு போனால் எல்லாமே தாமதமாகத்தான் தெரியும். குளிர்காலத்துக்கு முன்னால் விழுந்த இலைக்குவியலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது, அதன் மேல் நேராக உருண்டு போங்கள்.

குட்டை வந்தால் நடுவில் போங்கள். ஓரமாகச் சுற்றினால் பாதை அகலமாகும், அடுத்தவர் இன்னும் சுற்றுவார், ஒரு பருவத்தில் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை ஆகிவிடும். நடுவில் போனால் சேறு படும், பட்டால் கழுவலாம். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் குட்டை என்றால் அது இன்னும் திறக்காத பாதை, திரும்புங்கள். நடப்பவர்களுக்கும் ஏறி வருபவர்களுக்கும் வழிவிடுங்கள். குதிரை வந்தால் நின்று, சவாரி செய்பவரிடம் சாதாரணக் குரலில் பேசுங்கள், மனிதக் குரல் கேட்டால் குதிரை அவ்வளவாக மிரளாது.

திரும்பி வந்ததும் உண்ணி இருக்கிறதா என்று முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு மடிப்பில், காதுக்குப் பின்னால் பாருங்கள். வசந்தத்தில் வரும் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள், திருகவும் வேண்டாம், எண்ணெய் தடவவும் வேண்டாம்.

வண்டியைச் சேறு காய்வதற்குள் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், டிஸ்க் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. ஷூவின் உள்ளட்டையை உருவிவிட்டு செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தாளை மாற்றுங்கள். அப்புறம் நோட்டில் நான்கு விஷயம் எழுதுவேன்: தேதி, வெளி வெப்பம், டயர் அழுத்தம், குதிகால் எவ்வளவு புதைந்தது. அடுத்த மார்ச்சில் எந்தப் பாதைக்கு எப்போது போகலாம் என்று பார்க்க அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுவேன்.