மன்னவனூர் ஏரிப் பக்கம் கூடாரத்தில் தங்கப் போகிறீர்களா?

கொடைக்கானலிலிருந்து மன்னவனூருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஏரியை ஒட்டியே படுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து, கரையோரப் பள்ளத்தில்தான் தேங்கும். கூடாரம் போடும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால், பத்துப் பதினைந்து அடி மேட்டில் போடுங்கள். குளிரும் பனியும் குறைவாக இருக்கும். தலைக்கு மேல் காய்ந்த கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிடுங்கள்.

குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுக்க மூடவும் வேண்டாம். மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும். அப்புறம், குளிர் ஏறுவது பெரும்பாலும் தரையிலிருந்துதான். இன்னொரு கம்பளியைப் போர்த்துவதைவிட அதைக் கீழே விரிப்பது மேல்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கரி அடுப்பு அணைந்த மாதிரித் தெரிந்தாலும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சாப்பாட்டு மிச்சத்தையும் உள்ளே வைக்க வேண்டாம், காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வரும்.

கிளம்பும் முன் கொடைக்கானலுக்குள் வண்டியில் நுழைவதற்கான இ-பாஸ் எடுத்துவிடுங்கள்.